சினாப்ஸ்: கட்டி முடியாத இணைப்பு

வணக்கம் நேயர்களே. இரண்டு நரம்பு செல்கள் ஒருமுறை இணைந்துவிட்டால் அந்த இணைப்பு அப்படியே இருந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அதை ஒவ்வொரு நாளும் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இரு செல்களும் ஒட்டிக்கொள்வதில்லை, நடுவில் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஒரு பக்கத்தில் வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகள், எதிர்ப்பக்கத்தில் அதை வாங்கும் ஏற்பிகள், இதுதான் சினாப்ஸ். சரி, சரியான இடத்தில் எதிரெதிராக இவை எப்படி வந்து சேருகின்றன?

ஆக்ஸான் என்பது நரம்பு செல்லிலிருந்து நீளும், சமிக்ஞையை எடுத்துச் செல்லும் இழை. வளரும் ஆக்ஸானின் நுனி துழாவிக்கொண்டே போய் ஒரு செல்லைத் தொடுகிறது. அப்போது இந்தப் பக்கத்து நியூரெக்சின் என்ற புரதமும் அந்தப் பக்கத்து நியூரோலிஜின் என்ற புரதமும் கைகோத்துக்கொள்கின்றன. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்: நரம்போடு சம்பந்தமே இல்லாத, சிறுநீரகத்திலிருந்து வந்த வளர்ப்பு செல்களில் நியூரோலிஜினை உண்டாக்கி நரம்பு செல்களோடு சேர்த்து வளர்த்தார்கள், அவற்றைத் தொட்ட ஆக்ஸான்கள் அங்கேயே நுண்பைகளைக் குவித்து சினாப்ஸின் தங்கள் பாதியைக் கட்டத் தொடங்கிவிட்டன! ஆனால் இந்த ஒரு ஜோடியால் மட்டும் எல்லாம் நடந்துவிடாது, பக்கத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணை செல்கள் சுரக்கும் புரதங்களும் வேண்டும்.

அப்புறம் கழித்தல். பிறந்த எலிக்குட்டியின் ஒரு தசை நாரில் பல ஆக்ஸான்கள் வந்து இணைந்திருக்கும், இரண்டு வாரத்துக்குள் போட்டி போட்டு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். நம் மூளையிலும் குழந்தைப் பருவத்தில் ஏராளமாக உருவாகும் சினாப்ஸ்களில் கணிசமான பங்கு பிறகு நீக்கப்படுகிறது. இந்த நீக்கத்தைச் சேதம் என்று எண்ணிவிடாதீர்கள், மூளை சீராக அமைவதற்கே இது தேவை.

மிஞ்சியவை சும்மா இருந்தால் நிலைக்காது. ஒரு சினாப்ஸில் உள்ள புரதங்களில் பெரும்பாலானவை சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில் சிதைந்து புதிதாக மாற்றப்படுகின்றன, ஆனால் சினாப்ஸோ மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் இருக்கிறது. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யாமலே செங்கல் செங்கலாக மாற்றிக்கொண்டிருப்பது போல. சமிக்ஞைகள் வந்துபோகும் அளவைப் பொறுத்து ஏற்பிகள் கூடும், குறையும். அதனால்தான் இதைப் பராமரிப்பு என்று சொல்கிறேன், வெறும் இருப்பு என்றல்ல.

இந்தப் பராமரிப்பு குலைந்தால் என்ன ஆகும்? அல்சைமர் நோயாளிகளின் நினைவு குறைவதோடு மிக நெருக்கமாகப் பொருந்துவது சினாப்ஸ் இழப்புதான். 2016-இல் சுண்டெலிகளில் நடந்த ஆய்வு ஒன்றில், இளவயதில் சினாப்ஸ்களைக் கழிக்கும் அதே சி1க்யூ என்ற புரதமும், மூளையின் நோயெதிர்ப்பு செல்களான மைக்ரோகிளியாவும் இந்த நோயின் தொடக்கத்திலேயே மறுபடி வேலையில் இறங்குவது தெரிந்தது; அந்தப் புரதத்தைத் தடுத்தபோது இழப்பும் குறைந்தது. நன்றி, வணக்கம்.