வெள்ளி பேரிங் வந்தாச்சு! அப்புறம் அந்த 150 மணி நேரக் கணக்கு

வணக்கம் நண்பர்களே. மூன்று வீடியோவாக "வருது, வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்தப் பழைய அமெரிக்க விமான இன்ஜின் பேரிங் வந்துவிட்டது! சுழலும் ஷாஃப்ட்டைச் சுற்றித் தாங்கும் வளையத்தில் பாதி ஷெல்தான், ஆனால் அசல் வெள்ளி. ஷெல்லுக்கு 2,400 ரூபாய். கூரியரும் சுங்கமும் சேர்த்து 3,900! பொருளைவிட வழிச்செலவு அதிகம். அப்படிக் கொடுத்தும் பெட்டி ஒரு மூலை நசுங்கித்தான் வந்தது. ஒரு வாரமாக வயிற்றெரிச்சல், ஷெல்லைக் கையில் எடுத்ததும்தான் போனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விமான பிஸ்டன் இன்ஜினுக்கு அமெரிக்க விதிப்படி 150 மணி நேர எண்டூரன்ஸ் டெஸ்ட் (தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை) என்று போன வீடியோவில் சொன்னேன். "அவ்வளவுதானா? என் பைக் பத்து வருஷமா ஓடுது" என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்! இந்த ஒப்பீடு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பைக்கில் முழு த்ராட்டிலை எத்தனை நிமிடம் பிடித்திருப்பீர்கள்? இங்கே சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத இன்ஜினுக்கு முதல் 30 மணி நேரம் 5 நிமிடம் டேக்ஆஃப் பவர், 5 நிமிடம் க்ரூஸ், மறுபடி டேக்ஆஃப் என்று மாறி மாறி ஓடும். அப்புறம் 20 மணி நேரம் வீதம் ஆறு கட்டம். அதில் ஐந்து கட்டங்களில் ஒன்றரை மணி நேரம் முழு கன்டினியூவஸ் பவர் (இடைவிடாமல் ஓட்ட அனுமதித்த உச்ச பவர்), அரை மணி நேரம் குறைந்த பவர்.

பேரிங்குக்கு உண்மையான சோதனை ஆயில்தான். டேக்ஆஃப் பவரில் ஓடும்போதெல்லாம், கன்டினியூவஸ் பவரில் குறைந்தது 35 மணி நேரமும், உள்ளே போகும் ஆயில் அதன் உச்ச வரம்பை ஒட்டியே, 10 டிகிரி ஃபாரன்ஹீட் முன்னே பின்னே சூடாக இருக்க வேண்டும். சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும், ஷாஃப்ட்டைத் தாங்கும் படலம் மெலியும். முடிந்ததும் இன்ஜினை முழுசாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பாகமும் திரும்ப மாட்டி ஓட்டும் நிலையில் இருக்க வேண்டும்.

வெள்ளி ஏன்? வெப்பத்தை வேகமாகக் கடத்தும், விடாத அடியைத் தாங்கும். ஆனால் படலம் அறுந்தால் எஃகோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அமெரிக்க கம்பெனி ப்ராட் அண்ட் விட்னியின் இன்ஜின்கள் மாதிரியானவற்றில் வெள்ளிமேல் மெல்லிய ஈயப் பூச்சு. அடடா, இன்டியம் என்ற மென்மையான உலோகத்தை விட்டுவிட்டேன்! ஆயிலில் உண்டாகும் அமிலம் ஈயத்தை அரிக்கும். ஈயத்துக்குள் இன்டியத்தை ஊறவைத்தால் அரிப்பு அடங்கும். இரண்டாம் உலகப் போரில் இன்டியத்துக்குக் கிடைத்த முதல் பெரிய வேலையே இந்த பேரிங்தான்.

இப்போது நேற்று ராத்திரிக் கதை. ஷெல்லின் தடிமனை அளக்கணும். மைக்ரோமீட்டரின் தட்டை முகம் உள்வளைவில் உட்காரவே இல்லை. ஓரத்தில் முட்டிக்கொண்டு அளவைக் கூட்டிக் காட்டியது. பதினொன்றரை மணிக்கு யோசனை வந்தது: சைக்கிள் பால்ரஸ் குண்டு! அதை உள்ளே வைத்து, சேர்த்து அளந்து, குண்டின் அளவைக் கழித்தால் போதும். முதல் குண்டு உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. இரண்டாவதைத் துளி கிரீஸ் வைத்து நிறுத்தினேன். நடுவில், ஓரத்தைவிட 0.03 மில்லிமீட்டர் குறைவு! நாலு தடவை அளந்தேன், நாலும் அதேதான்.

கேமரா கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். அதே இடத்தில்தான் ஈயப் பூச்சின் சாம்பல் நிறம் விலகி வெள்ளி தெரிகிறது. நகத்தை ஓட்டினால் எங்கேயும் தட்டவில்லை, மழமழவென்று தேய்ந்திருக்கிறது. எந்த இன்ஜினுடையது என்று விற்றவர் சொல்லவில்லை. முதுகுப் பக்கம் கறைக்கு அடியில் ஏதோ எண் இருக்கிறது. நாளைக்கு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் படித்துவிடுவேன்.