அண்ணன் உடையான் படைக்குத் தலைவன்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

“வெலிங்டன் பிரபுவை உயர்த்தியது குடும்பமா, திறமையா?” இதுதான் தலைப்பு. குடும்பமே என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசியவர் வாட்டர்லூவில் ஆரம்பித்து வாட்டர்லூவிலேயே முடித்துவிட்டார். 1815 ஜூன் 18 அன்று அந்தப் போர்க்களத்தில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனிடம் நெப்போலியன் தோற்றதை நாங்கள் மறுக்கவில்லை ஐயா. ஆர்தர் வெல்லெஸ்லி என்பதுதான் வெலிங்டனின் இயற்பெயர். அன்றைக்கு அவருக்கு வயது 46. நாங்கள் பேச வந்தது 17 வயது ஆர்தரைப் பற்றி.

பெற்ற தாயே அவரைத் துப்பாக்கிக்குத் தீனி, அதாவது போரில் சாகத்தான் லாயக்கு என்று சொன்னதாகச் சொல்வார்கள். எதிரணி இதை எடுத்துக்காட்டி, “குடும்பமே கைவிட்ட பிள்ளை” என்று உருகியது. சரி, அப்புறம் என்ன நடந்தது? அப்பா மார்னிங்டன் பிரபு 1781லேயே காலமாகிவிட்டார். ஈட்டன் பள்ளியில் படிப்பு ஏறவில்லை. மூத்த அண்ணன் ரிச்சர்ட் அயர்லாந்து வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதித் தம்பிக்கு வேலை கேட்டார். 1787ல் ராணுவ வேலை கிடைத்தது. 1790ல் குடும்பத்தின் பிடியில் இருந்த டிரிம் தொகுதியிலிருந்து அயர்லாந்து நாடாளுமன்றத்துக்கும் போய்விட்டார். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் பதவியைக் காசு கொடுத்தே வாங்கலாம். 1793ல் மேஜர் பதவி, அதே வருடம் லெப்டினன்ட் கர்னல் பதவி. பணம் யாருடையது? அண்ணன் கொடுத்த கடன். 24 வயதில் ஒரு ரெஜிமென்ட்டே கையில்! அதுவரை அவர் ஒரு போரைக்கூடப் பார்த்ததில்லை.

இனி திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வாருங்கள். 1798ல் ரிச்சர்ட் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். 1799 ஏப்ரல் 5 இரவு, கோட்டைக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பைப் பிடிக்கத் தம்பி ஆர்தர் போகிறார். கும்மிருட்டு, உள்ளே வாய்க்கால்கள், தோப்பை முன்கூட்டியே யாரும் நோட்டம் பார்க்கவில்லை. படை சிதறிவிட்டது, தளபதியே வழிதவறித் திரும்பினார். சிப்பாய்கள் சிலர் திப்புவின் ஆட்களிடம் சிக்கி உயிரிழந்தார்கள். மறுநாள் பெரிய படையோடு போய்த்தான் தோப்பைப் பிடித்தார்.

மே 4 அன்று கோட்டைச் சுவரின் உடைப்பு வழியாக ஏறிய படைக்குத் தலைமை தாங்கியவர் டேவிட் பேர்ட். இந்தப் பெயரை எதிரணி ஒருமுறையாவது சொன்னதா? 1780ல் நம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர்ப் போரில் பிடிபட்டு, அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்த மனிதர். பதவியிலும் ஆர்தருக்கு மேலே. கோட்டையைப் பிடித்துக் கொடுத்தவர் பேர்ட். நகரத்தின் கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்தவர் கவர்னர் ஜெனரலின் தம்பி. நியமித்தது படையின் தலைமைத் தளபதி ஜெனரல் ஹாரிஸ்தான், ரிச்சர்ட் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே இருப்பவரின் தம்பி யார் என்று ஹாரிஸுக்குத் தெரியாதா என்ன? பேர்ட் கொதித்துப் போய்ப் புகார் எழுதினார். பலன் இல்லை.

‘தம்பி உடையான் படைக்கு அஞ்சான்’ என்போம். இங்கே அண்ணன் உடையான் படைக்கே தலைவன் ஆகிவிட்டான்! 1803ல் அசாயே போரில் மராத்தியரை ஜெயித்தது அவருடைய சொந்தத் திறமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோப்பில் தொலைந்த ஆளுக்கு அந்தக் களம்வரை போக வழி எப்படித் திறந்தது?

ஐரோப்பாவிலும் இதே கதைதான். அவர் போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் சண்டை போட்டபோது, லண்டனில் 1809 முதல் 1812 வரை வெளியுறவு அமைச்சர் ரிச்சர்ட். ஸ்பெயினில் பிரிட்டிஷ் தூதர் தம்பி ஹென்றி. களத்துக்கு முன்னும் பின்னும் வீட்டு ஆட்களே!

“குடும்பப் பலம் அவ்வளவு இருந்தால், ஆர்தர் தான் விரும்பிய கிட்டி பக்கன்ஹாமைப் பெண் கேட்டபோது ஏன் கதவைச் சாத்தினார்கள்?” என்று எதிரணி கேட்டது. நல்ல கேள்வி. பெண்ணின் அண்ணன் பார்த்தது ஆர்தரின் திறமையையா? கடனில் இருக்கும் வீட்டின் இளைய மகன், கையில் காசு இல்லை. அதைத்தான் பார்த்தார். மனமுடைந்த ஆர்தர் தன் வயலின்களை நெருப்பில் போட்டார். அண்ணன் ஆண்ட இந்தியாவில் பேரும் பணமும் சேர்த்துத் திரும்பினார். அதே வீடு 1806ல் பெண் கொடுத்தது. டப்ளினில் கல்யாணம். நடத்தி வைத்த பாதிரியார் யார் தெரியுமா, நடுவர் அவர்களே? அவரும் கூடப்பிறந்தவர்தான், தம்பி ஜெரால்ட்!

தீர்ப்பு உங்கள் கையில். நன்றி, வணக்கம்.