மாய்கென் வென்ஸின் நாக்கைப் பூட்டியவர்கள்

அவைக்கு வணக்கம்.

இன்று நான் பேச வந்தது ஒரு கொத்தனாரின் மனைவியைப் பற்றி. பெயர் மாய்கென் வென்ஸ். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆன்ட்வெர்ப் நகரத்தில் வாழ்ந்தவர். 1573 அக்டோபர் 6 அன்று அவரை அங்கே கம்பத்தில் கட்டி எரித்தார்கள். அதற்கு முன் நாக்கில் ஓர் இரும்புத் திருகாணியை மாட்டி இறுக்கினார்கள். எரிக்கப் போகிறவளின் நாக்கை ஏன் பூட்ட வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னை விடாமல் துரத்துகிறது.

அவர் செய்த குற்றம் என்ன? அவர் அனபாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். கணவர் மத்தேயுஸ் அந்தச் சபையின் ஊழியர், அதாவது போதகர். 1525 ஜனவரியில் சூரிக் நகரில் ஒரு வீட்டுக்குள் தொடங்கிய இயக்கம் அது. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் ஒருவர் தானே மனம் ஒப்பிப் பெறுவதுதான் ஞானஸ்நானம் என்றார்கள். சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டோம், வாள் எடுக்க மாட்டோம் என்றும் பெரும்பாலோர் உறுதியாக இருந்தார்கள். 1534-35இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரைக் கைப்பற்றிய ஒரு கூட்டம் ஆயுதம் ஏந்தியது உண்மை. அந்தப் பழி ஒன்றுமறியாத மற்றவர்கள் தலையிலும் விழுந்தது.

கத்தோலிக்க அரசுகள்தான் இவர்களைக் கொன்றன என்று நினைத்துவிடாதீர்கள். சீர்திருத்தம் பேசிய சூரிக் நகர சபையே 1527இல் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தது. அன்று குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதென்றால் அந்தக் குழந்தையை ஊரோடும் அரசோடும் சேர்த்துக் கட்டுவது. அதை வேண்டாம் என்றவரை எல்லாத் தரப்பும் துரோகியாகவே பார்த்தது.

சரி, ஆன்ட்வெர்ப்புக்கு வருவோம். அப்போது அது ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அங்கே ஷெல்ட் ஆற்றங்கரையில் ஸ்டேன் என்ற கோட்டை இன்றும் நிற்கிறது. அதுதான் அன்றைய சிறை. அனபாப்டிஸ்ட் பெண்கள் பலரை அதற்குள்ளேயே ரகசியமாகத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கடித்துக் கொன்றார்கள். ஏன் ரகசியம்? வெளியே கொண்டுவந்தால் இவர்கள் பாடுவார்கள், வேத வசனம் சொல்வார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கண்ணீரோடு திரும்பும். சிலர் மறுநாளே சபையைத் தேடிப் போவார்கள். ஆகவே வெளியே கொண்டுவந்தாலும் பேச முடியாதபடி செய்தாக வேண்டும். அதற்கு வந்ததுதான் திருகாணி.

அது எப்படி வேலை செய்தது என்பதற்கு 1577இல் அதே ஊரில் எரிக்கப்பட்ட ஹான்ஸ் பிரெட் என்ற இளைஞரின் கதை போதும். நாக்கை ஓர் இரும்பு வளையத்துக்குள் நுழைத்துத் திருகால் இறுக்கினார்கள். அப்புறம் நுனியில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்தார்கள். நாக்கு வீங்கிவிடும், வளையத்திலிருந்து நழுவாது. இதைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் அந்தப் பூட்டு இன்னும் பூட்டியே இருக்கிறது என்று ஆகிவிடும்.

மாய்கென் சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. எனக்கு மிகவும் நெருக்கமானவை அவை. வீரவசனம் பேசுகிற கடிதங்கள் அல்ல. பிரிவது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை, சிறையைவிட இதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று எழுதுகிறார். எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாத வரைக்கும் கிறிஸ்தவராக இருப்பது சுலபம்தான் என்கிறார். மூத்த மகன் ஆட்ரியனுக்கு எழுதியது தீர்ப்பு வந்த பிறகு. உன்னை வளர்த்து ஆளாக்க எனக்கு வாய்க்கவில்லை, தேவனுக்குப் பயந்து நட, மேலே புதிய எருசலேமில் உன் அம்மாவை மறுபடி பார்ப்பாய், அங்கே பிரிவே கிடையாது என்கிறார். அம்மாவாகவும் அழுகிறார், விசுவாசியாகவும் நிற்கிறார். ஒன்றுக்காக இன்னொன்றை மறைக்கவில்லை.

ஆட்ரியனுக்கு அப்போது சுமார் 15 வயது. தம்பி ஹான்ஸ் மத்தைஸுக்கு மூன்று வயது இருக்கும். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், கம்பங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றான். அம்மாவைக் கொண்டுவந்ததுமே மயங்கி விழுந்துவிட்டான். நினைவு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. கூட்டம் கலைந்த பின் சாம்பலைக் கிளறித் தேடினான். அவனுக்கு அந்தத் திருகாணி கிடைத்தது.

இது நமக்குத் தெரிவதற்குக் காரணம், அனபாப்டிஸ்ட் வழியில் வந்த ஹாலந்து மெனோனைட் சபையின் திலேமன் வான் பிராக்ட் 1660இல் வெளியிட்ட ‘இரத்தசாட்சிகளின் கண்ணாடி’ என்ற பெரிய தொகுப்பு. அதன் 1685 பதிப்புக்கு யான் லாய்கன் 104 செதுக்குச் சித்திரங்கள் செய்தார். அவற்றில் ஒன்று மாய்கெனுக்கு உரியது. எரிகிற பெண்ணை அவர் வரையவில்லை. சாம்பலில் தேடும் பிள்ளைகளை வரைந்தார். பொருத்தமான தேர்வு என்றுதான் நான் சொல்வேன்.

அந்த நூலில் வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பெண். வேலைக்காரிகள், கைவினைஞர்களின் மனைவிகள், முன்னாள் கன்னியாஸ்திரீகள். விசாரணை செய்தவர்களோடு வேதத்தை வைத்தே வாதாடியவர்கள். நாட்டுக்கே பெரிய ராணுவம் இருந்தும், அதிகாரிகள் பயந்தது இவர்களுடைய வார்த்தைக்குத்தான். மாய்கெனின் கடிதங்களை வாங்கிப் படியுங்கள். ஆட்ரியனுக்கு எழுதியதிலிருந்து தொடங்குங்கள்.