புளிப்பேறும் ஊடகத்தில் நரம்பணு

(பாளையங்கோட்டையில் அறிவியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

நம் திருநெல்வேலி வீடுகளில் சொதி வைக்கும்போது, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிவார்கள். கொதிக்கும்போதே பிழிந்தால் தேங்காய்ப்பால் திரிந்துபோகும். புளிப்பு நாவுக்குரிய சுவை மட்டுமன்று, புரதங்களின் வடிவத்தையே குலைக்க வல்லது என்பதற்கு அந்தக் கவனமே சான்று. நரம்பணுவும் புரதங்களால் இயங்குவதுதான். அதனை உடலுக்கு வெளியே வளர்க்கும் ஊடகத்தில், அதாவது ஊட்டக் கரைசலில், புளிப்பு ஏறினால் என்ன நேரும் என்பதே இன்று நான் பேச வந்த பொருள்.

1907இல் அமெரிக்க உயிரியலாளர் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை நிணநீர்த் துளியொன்றில் வைத்து, அதிலிருந்து நரம்பிழை நீண்டு வளர்வதை நேரில் கண்டார். அவருக்கு உடல் தந்த நிணநீரே ஊடகமாயிற்று. இன்று உப்புகளையும் குளுக்கோசையும் அமினோ அமிலங்களையும் நாமே கலக்கிறோம். ஆகவே அதன் அமில நிலையைக் காக்கும் பொறுப்பும் நம்மையே சேர்கிறது.

அமில நிலையைக் காட்டும் எண் பி.எச்.; அது குறையக் குறையப் புளிப்பு கூடும். நம் குருதியின் பி.எச். அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்கிறது. 1909இல் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் வகுத்த இந்த அளவுகோல் மடக்கை முறையில் அமைந்தது என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். 7.4 என்பது 7.1 ஆனால் குறைந்தது வெறும் 0.3தானே என்று தோன்றும். உண்மையில் ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டன.

இந்த நிலையைக் காப்பதற்காகவே 37 டிகிரி வெப்பமும் 5 விழுக்காடு கரியமில வாயுவும் கொண்ட இன்குபேட்டருக்குள் செல்களை வைக்கிறோம். அந்த வாயுவும், ஊடகத்தில் கரைந்துள்ள சோடியம் பைகார்பனேட்டும், அதாவது நம் சமையல் சோடா உப்பும், ஒன்றையொன்று சமன் செய்கின்றன. செல்கள் வளரும் தட்டை வெளியே எடுத்து வைத்தால், திறந்த சோடா பாட்டிலிலிருந்து வெளியேறுவது போல வாயு வெளியேறி ஊடகம் காரத்தன்மை அடையும். மாறாக, செல்கள் பெருகிப் பல நாள் ஊடகம் மாற்றப்படாமல் இருந்தால், தயிரைப் புளிக்கவைக்கும் அதே லாக்டிக் அமிலம் சேர்ந்து புளிப்பேறும். ஆரத்தியில் மஞ்சள் நீர் சுண்ணாம்பு பட்டுச் சிவப்பதைப் பார்த்த நமக்கு, ஊடகத்தில் கலந்துள்ள ஃபீனால் சிவப்பு என்ற சாயம் காட்டும் நிறங்கள் புதியவை அல்ல: அமிலத்தில் மஞ்சள், காரம் மிகுந்தால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு.

நரம்பிழையின் நுனியில் வளர்கூம்பு என்றொரு பகுதி உண்டு. கை விரித்துத் தடவுவது போல அது முன்னேறும். அதனுள்ளே ஆக்டின் என்ற புரத இழைகள் ஓயாமல் கட்டப்பட்டும் வெட்டப்பட்டும் வருவதால்தான் அந்த அசைவு உண்டாகிறது. வெட்டும் பணியைச் செய்யும் கோஃபிலின் என்ற புரதம் சற்றுக் காரமான சூழலில் ஊக்கமாகவும், அமிலம் ஏறும்போது மந்தமாகவும் செயல்படுகிறது. அமிலம் குளுக்கோஸ் சிதைவின் முக்கிய நொதியொன்றையும் தடுப்பதால் ஆற்றல் வரத்தும் தளர்கிறது. பி.எச். 7க்குக் கீழே இறங்கும்போது செல் சவ்வில் அமிலத்தை உணரும் அயனித் தடங்கள் திறந்து, அவற்றுள் ஒரு வகை கால்சியத்தை உள்ளே விடுகிறது. அது மிகுந்தால் செல் மடியும். ஆயினும் அமிலத்தை முழுப் பகையாகக் கருதுவது பிழை. நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் குளுட்டமேட்டை ஏற்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை ஹைட்ரஜன் அயனிகள் அடக்குவதால், மிதமான அமிலநிலை, அளவு மீறிய குளுட்டமேட்டின் நச்சிலிருந்து நரம்பணுவைக் காப்பதும் உண்டு.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பணியாற்றிய ஆய்வகமொன்றில் நெல்லிக்காய்ச் சாற்றை நரம்பணுக்களில் சோதித்தோம். அளவு கூடக் கூட இழைகள் குட்டையாயின. சாறு வளர்ச்சியைத் தடுக்கிறது என்றே ஆறு வாரங்கள் குறித்து வைத்தோம். ஒரு நாள் ஆய்வு மாணவி ஒருத்தி, மிகுந்த அளவு சாறு இட்ட தட்டுகள் எல்லாம் முதல் நாளே மஞ்சளாக இருப்பதைக் காட்டினாள். நெல்லி இயல்பிலேயே புளிப்பு. நாங்கள் சாற்றைச் சமன்படுத்தாமலே இட்டிருந்தோம். பிறகு, சாறே சேர்க்காமல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அதே பி.எச். அளவுக்கு இறக்கிய தட்டுகளை ஒப்பீட்டுக்கு வைத்தோம். அவற்றிலும் இழைகள் அதே அளவு குட்டையாகவே இருந்தன. சமன்படுத்திய சாறு இட்ட தட்டுகளில் வளர்ச்சி குன்றவில்லை. அந்த ஆறு வாரக் குறிப்புகளின் மேல் கோடு கிழித்தோம்.

பொதிகை மலை மூலிகைகளைச் சோதிக்கும் ஆர்வம் உங்களில் பலருக்கு உண்டு; எனக்கும் அது மகிழ்ச்சியே. சாற்றை இடுவதற்கு முன்னும், இட்ட பின்னும், மறுநாளும் பி.எச். அளந்து எழுதுங்கள். அமிலம் மட்டும் சேர்த்த ஒப்பீட்டுத் தட்டு ஒன்றையும் தவறாமல் வையுங்கள். புளிப்பேறிய ஊடகத்தை மாற்றும்போது பாதியை மட்டும் எடுத்துப் புதியதை ஊற்றுங்கள். செல்கள் சுரந்து வைத்த வளர்ச்சிக் காரணிகள் மீதிப் பாதியில் இருக்கின்றன.