பழைய மோட்டார்ஹோம்: "வெறும் கறைதான்" என்றால் நம்பலாமா?

அடுத்த கேள்வி, இங்கிலாந்து லெஸ்டரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். 2011 மாடல் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே படுத்துத் தங்கும் வசதியுள்ள வண்டி, ஃபியட் டுகாட்டோ. இன்ஜின் நன்றாக ஓடுகிறது, விலையும் குறைவு. பின் ஜன்னலுக்குக் கீழே மட்டும் பழுப்பாக ஒரு கறை. "குளிர்காலத்தில் கண்ணாடியில் வியர்த்த தண்ணீர்தான், வேறொன்றுமில்லை" என்கிறாராம் விற்பவர். வாங்கலாமா?

சகோதரி, அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கண்ணாடியில் வியர்க்கும் தண்ணீர் துடைத்தால் போய்விடும். ஓரத்தில் கோடு போட்டதுபோலப் பழுப்பேறிய கறை என்றால், தண்ணீர் உள்ளே வந்து காய்ந்து, மறுபடி வந்து காய்ந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அந்த வயது வண்டிகள் பலவற்றில் சுவர் என்பது வெளியே மெல்லிய தகடு, நடுவே மரச்சட்டம், உள்ளே பிளைவுட். ஜன்னல் ஓரம், கூரை மூலை, பின் விளக்கு, இங்கெல்லாம் இடுக்கை அடைக்கும் சீலண்ட் பசை வெடித்தால் தண்ணீர் நேராக மரத்தில்தான் இறங்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே மரம் உளுத்துக்கொண்டிருக்கும்.

நண்பர் ஒருவருக்காக நான் போய்ப் பார்த்த வண்டியும் இப்படித்தான். உள்ளே நுழைந்ததும் வாசனை ஸ்ப்ரே மூக்கைத் துளைத்தது. பின் படுக்கையின் மெத்தையைத் தூக்கி, அடியிலிருந்த பெட்டிக்குள் டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். சுவர்க் காகிதம் சுருங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், நனைந்த அட்டைபோல உள்ளே போய்விட்டது. வெளியே வந்து பார்த்தால், அந்த மூலையில் மட்டும் புது வெள்ளை சிலிக்கோன் சீலண்ட். மற்ற இடமெல்லாம் பழைய சாம்பல் நிறம். நண்பர் ஆசையோடு காசோலைப் புத்தகத்துடன் வந்திருந்தார். அவரைத் திருப்பி அழைத்துப் போவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

நீங்களும் அப்படியே பாருங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். ஈரம் அளக்கும் மீட்டர் கையடக்கமாகவே கிடைக்கும். அதில் சுவரின் ஈரம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. 20ஐத் தாண்டினால் விடாமல் விசாரிக்க வேண்டும். 30க்கு மேல் போனால் மரமே கெட்டிருக்கலாம். சுவரைப் பிரித்துச் சரிசெய்யும் செலவு ஆயிரக்கணக்கான பவுண்டுகளுக்குப் போய்விடும்.

"எம்ஓடி பாஸாகியிருக்கிறதே" என்பார்கள். வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பிரிட்டனில் ஆண்டுதோறும் செய்யும் சோதனைதான் எம்ஓடி. பிரேக், டயர், விளக்கு, புகை, அடிப்பாகத் துரு போன்றவற்றைத்தான் அதில் பார்ப்பார்கள். சுவருக்குள் இருக்கும் ஈரம் அவர்கள் வேலையே இல்லை. அதற்கு ஹேபிடேஷன் செக் என்று, வண்டியின் தங்கும் பகுதியைப் பார்க்கும் சோதனை தனியாக உண்டு. ஆனாலும் அரசு இணையதளத்தில் நம்பர் பிளேட் எண்ணைப் போட்டால் பழைய எம்ஓடி விவரம் இலவசமாகக் கிடைக்கும். அடிப்பாகத் துரு பற்றி எழுதியிருந்தால் கண்டிப்பாகப் படியுங்கள்.

அப்புறம், விற்பவர் யார்? டீலர் என்றால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கும்போதே குறை இருந்தது என்று காட்டினால் 30 நாளுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனிநபரிடம் அந்த உரிமை கிடையாது. அவர் சொன்ன விவரம் பொய்யாக இருந்தால்தான் கேட்க முடியும். அதனால் "தண்ணீர் கசிந்ததே இல்லை" என்பதை மெசேஜில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தாலோ, ஹேபிடேஷன் செக் செய்ய விடாவிட்டாலோ, வண்டியை விட்டுவிடுங்கள்.

சரி, போய்ப் பார்த்துவிட்டு, அந்த ஜன்னலுக்குக் கீழேயும் படுக்கைக்கு அடியிலும் எடுத்த படங்களை அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.