மாட்டுக்கு வக்கீல்

நடுவர் அவர்களே, முலுண்டிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் ரயிலேறி வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

'இறக்குமதி வரி நாட்டுக்கு வேலியா, வீட்டுக்குச் சுமையா?' என்பது தலைப்பு. வேலி அணியின் ஐயா இறங்கும்போது என்னைப் பார்த்து ஒரு போடு போட்டார்: "வேலி வேண்டாம் என்பவர்கள் மாட்டுக்கு வக்கீல்கள்!" நீங்களும் கைதட்டினீர்கள். தட்டிய முகங்களையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன்.

ஐயா, மேய்கிற மாடு வெளியிலிருந்துதான் வரும் என்று யார் சொன்னது? வேலியே பயிரை மேய்ந்த கதையை எங்கள் பெரியப்பாவிடம் கேளுங்கள்.

எழுபதுகளில் இதே மும்பையில், சயான் கோலிவாடாவில் இருந்துகொண்டு ஸ்கூட்டருக்குப் பணம் கட்டினார். வெளிநாட்டு வண்டி உள்ளே வராது. உள்ளூரில் செய்யவும் டெல்லியின் லைசென்ஸ் வேண்டும். அப்புறம் கம்பெனிக்கு என்ன அவசரம்? "மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் வரப்போகுது" என்று சொல்லியே பெண் பார்த்தார்கள். பெண் வந்தாள், ஸ்கூட்டர் வரவில்லை. பிள்ளை வந்தான், ஸ்கூட்டர் வரவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போய், வாய்ப்பாடு ஒப்பிக்கிற நாளில் கடிதம் வந்தது! தெருவே கூடி ஆரத்தி எடுத்தது. பெரியப்பா உதைத்தார். கிளம்பவில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்தார், நிமிர்த்தினார், மறுபடி உதைத்தார். பாருங்கள், அந்தச் சாய்ப்பைப் பார்த்த பெரியவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள்! பெரியம்மா பிள்ளையைப் பிடித்துக்கொண்டே சொன்னாராம், "என் மாமியாரைக்கூட இதைவிடச் சீக்கிரம் கிளப்பிடலாம்."

சொல்லுங்கள் ஐயா, அந்த வேலிக்குள் கொழுத்தது பயிரா?

சரி, பழைய கதை என்பீர்கள். 2018இல் அமெரிக்கா வெளிநாட்டு வாஷிங் மெஷினுக்கு வரி போட்டது. விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. உள்ளூர் மெஷினும் ஏறியது. வரியே போடாத, துணி காயவைக்கிற டிரையரும் ஏறியது! ஜோடியாக வாங்குகிறவர் எங்கே போவார் என்ற தைரியம்தான். வேலை பெருகவில்லையா என்று ஐயா கேட்பார். பெருகியது, சுமார் 1,800. ஒரு வேலைக்கு வாங்குகிறவர்கள் தலையில் விழுந்தது எட்டு லட்சம் டாலருக்கு மேல் என்று அந்த ஊர்ப் பொருளாதார அறிஞர்களே கணக்குப் போட்டார்கள்.

எட்டு லட்சம் டாலர்! 2025 ஆகஸ்டில் அதே அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியதே, திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் என்ன தப்பு செய்தாள்? அதில் பாதி, இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கு அபராதமாம். அவளா வாங்கினாள்? அவள் நல்லெண்ணெய் வாங்கவே யோசிக்கிறவள். அமெரிக்க வேலிக்கு வெளியே நிற்கிற மாடு அவள்தான் என்றால், ஆமாம் ஐயா, நான் வக்கீல்தான்.

ஆர்டர் நின்றால் சனிக்கிழமைச் சம்பளம் குறையும். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்கு வந்தவள் அவள். ராத்திரி போனில் அது கேட்கும், "எப்பம்மா வருவே?" ஊரை விட்டு இந்த மும்பைக்கு வந்த நம் வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளை உண்டா? அவளுக்குக் கையில் காசில்லாமல் பஸ் ஏற முடியாது.

நடுவர் மணி அடித்துவிட்டார். தங்கத்துக்குக் கட்டுப்பாடு போட்ட காலத்தில் இதே மும்பைக் கடற்கரையில் ராத்திரி என்னென்ன இறங்கியது என்பதை எங்கள் அணியின் அடுத்தவர் சொல்வார். வணக்கம்.