கெட் பேக் டு யூவா, கெட் பேக் அட் யூவா?

(திரையில்: பாதி எழுதிய ஒரு மெயில்)

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஏதோ விவரம் கேட்கிறார். நீங்கள் அவசரத்தில் "ஐ வில் கெட் பேக் அட் யூ" என்று தட்டி அனுப்பிவிடுகிறீர்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்பது உங்கள் எண்ணம். அவர் படிப்பதோ, "இரு, உன்னை வைத்துக்கொள்கிறேன்!" டு வரவேண்டிய இடத்தில் அட் வந்துவிட்டது, அவ்வளவுதான். கெட் பேக் அட் என்றால் பழிவாங்குவது.

பழிவாங்குவது என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ரிவெஞ்ச். உடனே "ஐ வில் ரிவெஞ்ச் ஹிம்" என்கிறோம். இன்றைய ஆங்கிலத்தில் இது உறுத்தும். "டேக் ரிவெஞ்ச் ஆன் ஹிம்" என்பதுதான் வழக்கு.

வினைச்சொல் வேண்டுமா? அவெஞ்ச் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு நியாயத்தின் வாடை வீசும், பெரும்பாலும் பாதிக்கப்பட்ட இன்னொருவருக்காகச் செய்வது. கோவலனுக்காகக் கண்ணகி செய்தது அவெஞ்ச். நம் வண்டியில் கோடு போட்டவன் வண்டியில் ராத்திரியோடு ராத்திரியாகக் காற்றைப் பிடுங்கிவிடுவது ரிவெஞ்ச்.

(திரையில்: ஷி அவெஞ்ச்டு ஹர் ஹஸ்பண்ட்)

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கணவனையே பழிவாங்கினாள் என்று அர்த்தமில்லை, கணவனுக்காகப் பழிவாங்கினாள். அவெஞ்சுக்குப் பின்னால் வருவது எதிரியின் பெயர் அல்ல, பாதிக்கப்பட்டவரின் பெயர்.

செய்திகளில் வரும் ரிட்டாலியேட் வேறு ரகம். ஒரு நாடு வரியை ஏற்றினால் இன்னொரு நாடும் ஏற்றுகிறதே, அந்தப் பதிலடி. மனதுக்குள் கறுவிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

டிட் ஃபார் டாட் தெரிந்திருக்கும். 'டிப் ஃபார் டாப்' என்பதிலிருந்து வந்ததாம். தட்டினால் பதிலுக்கு ஒரு தட்டு. 1980 வாக்கில் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்ஸல்ராட், ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்கும் கணினி நிரல்களை மோதவிட்டு ஒரு போட்டி நடத்தினார். வென்றது இந்தப் பெயர் கொண்ட குட்டி நிரல்தான். முதலில் ஒத்துழைக்கும், அப்புறம் எதிராளி போன முறை செய்ததையே திருப்பிச் செய்யும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'செட்டில் எ ஸ்கோர்'. கிரிக்கெட் ஸ்கோர் இல்லை. அந்தக் காலத்து மதுக்கடைகளில் கடன் கணக்கைக் கோடாகக் கீறி வைப்பார்கள். அந்தக் கீறல்தான் ஸ்கோர். பாக்கியை அடைத்தால் கணக்குத் தீர்ந்தது. 'கெட் ஈவன்' என்றாலும் அதுதான், இனி யாரும் யாருக்கும் பாக்கி இல்லை. 'பே பேக்' பற்றிச் சொல்லவே வேண்டாம். நாமும் "அவனோடு ஒரு கணக்குத் தீர்க்கவேண்டியிருக்கிறது" என்கிறோமே! வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பேன் என்று நாம் கறுவுவதை அவர்கள் 'வித் இன்ட்ரஸ்ட்' என்பார்கள்.

(திரையில்: மறுபடியும் அதே மெயில்)

சரி, முதலில் சொன்ன மெயில் ஏற்கெனவே போய்விட்டதா? மன்னிப்புக் கேட்டு இன்னொன்று அனுப்பிவிடுங்கள். அதில் ஆர்வத்தோடு காத்திருக்கிறேன் என்று நினைத்து 'வித் இன்ட்ரஸ்ட்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.